விளம்புதல்

களியக்காவிளை பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
என் பிளக்ஸ் கடை.
மிஷினுக்கு இரண்டு பாஷையும் ஒன்றுதான்.
இரண்டிலும் மஜந்தாதான் முதலில் தீரும்.

பாறசாலையிலிருந்து வருகிறவர்கள் பரஸ்யம் என்பார்கள்,
ரகசியத்துக்கு நேர் எதிர்.
மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு விளம்பரம்.
பில் போடும்போது இருவருக்கும் அது ஆட்,
இருவரும் கடன் சொல்வார்கள்.

சுகதன் ஹோட்டலுக்கு ஒரு போர்டு அடித்தேன்:
'பன்னிரண்டு மணி முதல் ஊண் விளம்பும்.'
விருதுநகரிலிருந்து மிளகாய் ஏற்றி வந்த டிரைவர்
பன்னிரண்டரை வரை வாசலில் நின்று
யாருங்க அறிவிக்கப் போறது என்று கேட்டாராம்.
அண்ணாச்சி,
எங்கள் பக்கம் விளம்புவது வாயால் அல்ல,
கரண்டியால்.

ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்துவிட்டு
மிஷினோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு
அகராதி ஒரு கெட்ட பழக்கம்.
கரண்ட் போன ஒரு மதியம்
அட்வர்டைஸ் என்ற சொல்லைப் புரட்டினேன்.
வேர் லத்தீனில். ஒன்றின் பக்கம் திரும்பு என்று பொருள்.
வாய்ச் சொல்லே இல்லை அது, கழுத்துச் சொல்.
முதலில் கவனிக்கிறவனுடையதாக இருந்து
பிறகு கவனிக்கவைக்கிறவன் கைக்குப் போயிருக்கிறது.
நடுவில் வெகுகாலம்
எச்சரிப்பது என்றும் பொருளாம்:
வெள்ளம் வருகிறது என்று ஆள் அனுப்பினால்
அதுவும் அட்வர்டைஸ்தான்.
கரண்ட் வந்தது.
மூடி வைத்துவிட்டு
சேலைக்காரி உதட்டுக்குக் கொஞ்சம் சிவப்பு கூட்டினேன்.

படந்தாலுமூடு வளைவில், இருபதுக்கு முப்பது.
'வண்டியில போறவன் திரும்பிப் பாக்கணும், கேட்டியா?
அது போதும்' என்றார் ஜவுளிக்கடை முதலாளி.
திரும்புவாங்க என்றேன்.

வியாழக்கிழமை ஜெபிஷ் திரும்பினான்.
எதிரே ரப்பர் ஷீட் ஏற்றிய டெம்போ.
வலது கால் மூன்று இடத்தில்.
சேலையைப் பார்த்தானாம் என்று
டீக்கடையில் சிரித்தார்கள்.
ஒரு சொல் தன் வேருக்கு
இவ்வளவு விசுவாசமாக இருக்க வேண்டாம்.

அன்று ராத்திரி, மிச்சத் துண்டில், இரண்டு பாஷையிலும்,
'வளைவு. ரோட்டைப் பார்'
என்று அடித்து
அவள் கால்மாட்டில் கொண்டுபோய்க் கட்டினேன்.
காலையில் முதலாளி போன்:
'கல்யாணச் சேலைக்கு அடியில எச்சரிக்கையா பிள்ளே?'
அவிழ்த்தேன்.
அந்தத் துண்டு இப்போது கடை வாசலில்
மழைச் சாரலுக்கு மறைப்பு.

அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தே
நான்கு மாதம்.
சமஸ்கிருதத்தில் விளம்பம் என்றால் தாமதம்.
இதை நான் தேடிப் போகவில்லை,
வேறெதற்கோ புரட்டிய பக்கத்தில்
என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

அவன் தங்கை ஜெபிஷாவின் கல்யாண பிளக்ஸுக்குக்
காசு வேண்டாம் என்றேன்.
ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை.
சாப்பிடக் கண்டிப்பாக வரணும் என்றார்கள்.

திரித்துவபுரத்தில் சர்ச் ஹால்.
இரண்டாம் பந்தி. விளம்ப ஆள் காணாது என்று
யாரோ ஒரு சாம்பார் வாளியை
என் கையில் திணித்தார்கள்.
எட்டாவது இலையில் அவன்,
கால் பக்கத்து நாற்காலியில்,
கட்டின்மேல் பேனாவால் யாரோ வரைந்த மீன்.

சோற்றில் குழி பறித்துக்கொண்டே நிமிர்ந்தான்.
'எக்கா, அந்த வளைவுல நிக்கிற சேலைக்காரி
நீங்க அடிச்சதுதானே?
கலர் கொள்ளாம்.'

வாயைத் திறந்தேன்.
பின்னால் புளிசேரிக்காரர், நடங்க, நடங்க என்று
முழங்கையால் இடித்தார்.

கரண்டியைச் சாய்த்தேன்.
குழி நிறைந்தது. இன்னொரு கரண்டி.
அப்பளம் நனைந்து, இஞ்சிக்கறி மிதந்து,
இலை விளிம்பைத் தாண்டி
காகித விரிப்பில் இறங்கியது சாம்பார்.

'போதும் எக்கா,' என்றான், 'போதும்.'