ஏழாம் தண்ணீர்

எர்ணாவூர் வளைவில்
முள் சிவப்பைத் தொட்டது.
முன்னால் கண்டெய்னர் லாரிகள்,
துறைமுகம் வரைக்கும் அசையாத வால்.
பின்னால் என் வண்டியில்
முப்பத்தாறு கேன் குடிதண்ணீர்.
நடுவில் நான், கொதிக்கிற என்ஜினோடு.

மூடியைத் திறக்கக் கை போனது.
போன ஆவணியில் அப்படித் திறந்துதான்
முழங்கை வரை தோல் உரிந்தது.
கையை மடியில் வைத்துக்கொண்டு
முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
"இத்தினி தண்ணி வெச்சினு விக்கல் எடுக்குதே உன் வண்டி"
என்று சிரித்துவிட்டுப் போனான்
ஒரு லாரி கிளீனர்.

சம்மனசு பட்டறைக்குப் பலகை கிடையாது,
நட்டுவைத்த பாதி டயர்தான் அடையாளம்.
கீழ் ஹோஸைக் கழற்றினான்.
வந்ததைத் தண்ணீர் என்று சொல்ல வாய் வரவில்லை.
செம்மண் குழம்பு என்றால்
செம்மண்ணுக்குக் கோபம் வரும்.

"இன்னா ஊத்துன இத்தினி நாளு?"
"வூட்டு பம்புத் தண்ணிதான்."
"அத நீ குடிப்பியா?"
"குடிக்க மாட்டேன்."
"இது மட்டும் குடிக்கணும், இல்ல?"

எங்கள் தெருவில்
வெள்ளைச் சட்டைக்கு மூன்று மாதம் ஆயுள்.
அம்சா பம்பு வாயில் என் பழைய பனியனைக் கட்டியிருக்கிறாள்,
அது எப்போதோ காவி வாங்கிவிட்டது.

தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு
டிரம்மில் இருந்த லாரித் தண்ணீரை
வெளியே வரும் வழியில் உள்ளே அனுப்பினான்.
முதல் தண்ணீர் டிக்காஷன்.
இரண்டாவது பாதியில் நின்றது,
பிளக் ஓட்டையைத் துரு அடைத்துக்கொண்டு.
சைக்கிள் ஸ்போக்கால் குத்தக் குத்த
மீன் செதில் மாதிரி உதிர்ந்தது.
மூன்றாவதில் எலுமிச்சை உப்பைக் கரைத்து
இருபது நிமிடம் என்ஜினை ஓடவிட்டான்.
அதற்குள் எனக்கு நாலு போன்.
மெஸ்காரர் இரண்டு தடவை.
நாலாவதும் ஐந்தாவதும் எப்படிப் போனதென்று தெரியாது,
நான் போனில் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.
ஆறாவதில் ஆப்ப சோடா.
ஏழாம் தண்ணீரைக் கண்ணாடி கிளாஸில் பிடித்து
வெயிலில் தூக்கினான்.
அந்தப் பக்கம் அவன் விரலின் கிரீஸ் ரேகை
ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

அப்போதுதான் சொட்டியது.

பிளாக்கின் பக்கவாட்டில்
ரூபாய் நாணயம் போல ஒரு தட்டு,
அதில் குண்டூசி அளவு ஓட்டை.
"நல்லாத்தான இருந்துச்சு,
நீ கழுவித்தான் ஓட்டயாச்சு!"
"ஓட்ட எப்பவோ வுழுந்துருச்சு தலீவா.
துருதான் அடச்சினு இருந்துச்சு."

கத்தினேன்.
துருவோடு சண்டை போட முடியாது,
அதனால் அவனோடு.
அவன் பதில் பேசாமல்
பழைய தட்டைப் பிடுங்கிக் கீழே போட்டான்.
காகிதம் மாதிரி மடிந்தது.

மூன்று மாதமாக
'டியூ கட்டிட்டேன்' என்கிறேன் அம்சாவிடம்.
அந்தச் சொல்லைத் தட்டிப் பார்த்தால்
எவ்வளவு தேறும்?

சாக்கெட்டை வைத்துப் புதுத் தட்டை இறக்கினான்,
மூன்றே அடி.
"இனிமே கூலண்ட்டு. கலக்க நல்ல தண்ணி."
நல்ல தண்ணி.
வண்டியின் பின்பக்கம் போனேன்.
மெஸ்ஸுக்குப் போகவேண்டிய கேன் ஒன்றின் சீலை உடைத்தேன்.
முப்பத்தைந்து ரூபாய்.
பச்சைக் கூலண்ட்டோடு கலந்து இறங்கியது.
மடக் மடக்கென்று குடித்து,
ஒரு குமிழி விட்டு,
இன்னும் கேட்டது வண்டி.

மிச்சத்தில் அவனுக்கு ஒரு கிளாஸ், எனக்கு ஒரு கிளாஸ்.
ஆறு வருஷமாக விற்கிறேன்,
ருசி பார்த்ததில்லை.
ஒரு ருசியும் இல்லை.

முள் நடுவில் நின்றது வீடு வரை.
எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்க
ஒரே வாக்கியத்தை விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன்,
எதுவும் சரியாக வரவில்லை.

அம்சா பம்பு அடித்துக்கொண்டிருந்தாள்.
முதல் குடம் மஞ்சள், சாய்த்துக் கொட்டினாள்.
இரண்டாவதும் மஞ்சள்தான்.
மூன்றாவது குடத்தை வைக்கும்போது
கைப்பிடியை நான் வாங்கிக்கொண்டேன்.

"அம்சா" என்றேன்.