ஒன்பது

ஸ்கோர் மேசையில் முபீனா போட்ட கோடுகள்
ஒன்பது. என் பேருக்கு நேரே.

முதலாவது, நடுக்கோடு தாண்டுமுன்னே
என் கால்விரலிலேயே பட்டு வெளியே போனது.
மழை விட்டு அரைமணிதான், செங்கோட்டைச் சிமெண்டுத் தரை
வழுக்கியது என்று சொல்லலாம்.
அவர்களுக்கும் அதே தரை.

நாலாவது, கொல்லம் வண்டி கூவியது.
தலையைத் திருப்பினேன்.
அவ்வளவுதான்.

பந்தைக் கொண்டுவந்து நிற்பேன்.
புளியரைச் சாவடியில் வைக்கோல் லாரி நிற்பதுபோல்
நால்வரும் நிற்பார்கள், அவரவர் இடத்தில்,
யாராவது வந்து சீட்டைப் பார்த்து விடட்டும் என்று.
இருபத்து நாலு நொடி.
கடிகாரம் இல்லாத மேசையிலிருந்து
ஒருத்தர் வாயாலேயே எண்ணுவார்.
பதினெட்டுக்கு மேல் அவர் குரல் ஏறும்,
என் கை பதறும்.

பார்க்காம கொடுக்காதே எஸ்தர்
என்று கத்துகிறார் கோச்.
பார்த்துத்தான் கொடுத்தேன் சார், ஏழாவதை.
இடது மூலையிலிருந்து வளையத்துக்கு அடியில்
வெட்டி வரும் தோள்.
ஆறு வருஷம் என் பந்து போய்ச் சேர்ந்த தோள்.
கையை விட்டுப் போன பிறகுதான்
சட்டை தெரிந்தது, புனலூர் மஞ்சள்.

"எந்தாடீ" என்றாள் குழல்வாய்மொழி, ஓடிக்கொண்டே.
கட்டிக்கொண்டு போய் எட்டு மாசம்,
அதற்குள் வாய் மலையேறி இறங்கிவிட்டது.
கூடையில் போட்டுவிட்டுத்தான்
திரும்பிப் பார்த்தாள்.

சரி, அது ஒன்று.
மீதி எட்டு?

முபீனா பேனாவை மூடவில்லை.
இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது.