பத்தி மூன்று

நீதிமன்றத்துக்கு எதிரே, வேம்பு நிழலில்
ஜெராக்ஸ் கடையோடு ஒட்டிக்கொண்ட என் கணினி.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
எழுத்துப் பிழைக்கு நான் பொறுப்பு,
மற்றதுக்கு வக்கீல்.

செக்கானூரணி ஒச்சம்மாள், வயது நாற்பத்தொன்று,
பரஸ்பர சம்மத மனு.
"அடிச்சாரா?" "ச்சே."
"குடி?" "பொங்கலுக்குக்கூடக் கெடையாது."
"வேற தொடுப்பு?" சிரித்துவிட்டாள்.
பிறகு, என்னிடம் அல்ல, வேம்பிடம் சொன்னாள்:

"ராத்திரி மில்லு விட்டு வந்தா
சத்தம் வராமக் கதவச் சாத்துவாருங்க.
கொண்டிய விரலால புடிச்சு, மெதுவா,
நான் முழிச்சிரக் கூடாதாம்.
பத்தொம்பது வருசம்.
நான் முழிச்சுத்தான் கெடப்பேன்.
அதுதான் தாங்கல."

அப்படியே அடித்தேன். பத்தி மூன்று.
வக்கீல் தவமணி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.
"என்னய்யா இது, கவிதையா?
கருத்து வேறுபாடுன்னு போடு."

ஞாயிறு மாலை காளவாசல் டீக்கடை மாடியில்
என் தாள்களை வாங்கிப் படிப்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.
நல்லாத்தான் இருக்கு, ஆனா புரியல,
கொஞ்சம் எளிமையா எழுதலாமே.
எழுதியும் பார்த்தேன்.
அயிரையில் முள்ளெடுக்க உட்கார்ந்தவன் கதை;
கடைசியில் கையில் குழம்புதான் மிச்சம்.

கருத்து என்று பார்த்தால்
அந்த இருவருக்கும் வேறுபாடே கிடையாது.
குழம்பில் உப்பு, தேர்தலில் ஓட்டு,
பையனுக்கு ஐடிஐ, எல்லாவற்றிலும் ஒரே பேச்சு.
ஆனாலும் அடித்தேன்.
இரண்டு சொல், நடுவில் ஓர் இடைவெளி.

மறுநாள் அவர் வந்தார், மொக்கராசு.
உடுப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.
வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார்.
மூன்றாம் பத்தியில் விரல் நின்றது.
"இம்புட்டுத்தானா?
கதவப் பத்தி அவ ஒண்ணும் சொல்லலியா?"

வக்கீல் போனில் இருந்தார்.
"இல்லை" என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன்?
அவர் முகத்தில் வந்தது ஆறுதலா, அடியா,
அதையும் என்னால் படிக்க முடியவில்லை.
கையெழுத்துப் போட்டார்.
பேனாவுக்கு மூடி மாட்டித் திருப்பித் தந்தார்.
சொட்டுச் சத்தம் இல்லை.

அன்றிரவு பதினொன்றரைக்கு
என் வீட்டு நிலைப்படியில் நிற்கிறேன், கதவில் கை.
உள்ளே மங்கையர்க்கரசி தூங்குகிறாள்,
அல்லது அப்படித்தான் இதுவரை நினைத்திருந்தேன்.
எப்படிச் சாத்த?

கொசு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.