நாற்பத்தொரு துளைகள்

கொம்தார் மூன்றாம் மாடியில்
நகலெடுக்கும் கடைக்கும் கைப்பேசி உறை விற்பவனுக்கும் நடுவே
ஒரு தையல் எந்திரம், ஒரு முக்காலி: அதுதான் என் இடம்.
வியாழக்கிழமை, மழைக்குக் கொஞ்சம் முன்னால்,
ஓய் கிம் செங் அந்தப் பட்டாளத்துச் சட்டையைக்
கொண்டுவந்து போட்டான்.
லோரோங் கூலிட்டில் முப்பது வெள்ளியாம்.
தோளை இறக்கணும், ஜிப் மாத்தணும்.
"அப்புறம், கக், கையில் இருக்கிற சின்னம்
எந்தப் படைன்னு பார்த்துச் சொல்லு.
சனிக்கிழமை இதைப் போட்டுக்கிட்டுதான் கிட்டார் வாசிக்கிறேன்.
தப்பான படையா இருந்தா அசிங்கம்."

எனக்குப் படை தெரியாது.
நூல் தெரியும்.

வட்டம். உள்ளங்கையில் முக்கால்.
விளிம்பு பச்சை, கழுவிக் கழுவித்
தேங்காய்ப்பால் ஊற்றியது போலான பச்சை.
நடுவில் ஒரு மரம்.
தென்னை என்று சொல்லிவிட்டுப் போனான்.
தென்னை எப்போதும் கொஞ்சம் சாய்ந்து நிற்கும்,
கடன் கேட்க வந்தவனைப் போல.
இது விறைத்து நிற்கிறது, கழுத்துக்குக் கீழே குலையோடு.
கமுகு.
தீவுக்கே பெயர் கொடுத்த மரம்,
ஆயர் ஈத்தாமில் பிறந்தவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

மரத்தடியில் குறுக்காக இரண்டு கோல்கள்.
துப்பாக்கி என்றால் விசை இருக்கும்.
கிரிஸ் என்றால் நெளியும்.
கீழே கார் நிறுத்துமிடத்துக் காவலுக்கு இருக்கும் ஹாஷிம்
முன்னாள் சார்ஜன். அவரிடம் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
வெறுங்கண்ணால் பார்த்தார்.
கொடிக்கம்பு, சிக்னல்காரர்கள், என்றார்.
இல்லை, துடுப்பு, படகுக்காரர்கள், என்றார்.
தே தாரிக் ஆறி ஏடு கட்டிய பிறகு,
"நான் இருந்தவரைக்கும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை."
அதைச் சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை.

மேலே ஒரு பறவை.
அலகு உதிர்ந்த பறவை எதுவாகவும் இருக்கலாம்:
கழுகு, கொக்கு, கேஎஃப்சி.
அடியில் ஒரு சுருள் பட்டை. எழுத்து இருந்த இடத்தில்
நூல் போய்விட்டது, நூல் போன வழி இருக்கிறது.
நகத்தால் தடவினேன். ஒரு வளைவு,
ஒரு நெட்டுக்கோடு,
அப்புறம் வெறும் துணி.

முதுகைப் பார்க்க வேண்டுமானால் பிரிக்க வேண்டும்.
பிரிக்கலாமா என்று நான் கேட்கவில்லை.

கைவேலை. எந்திரம் இல்லை.
மரத்திலிருந்து பறவைக்கு நூலை அறுக்காமலே
தாவியிருக்கிறது ஊசி.
நூலை மிச்சம் பிடிக்கிற கை,
அதிகாரியிடம் கணக்குக் காட்டாத கை.
பட்டாளம் இப்படித் தைக்காது.
படகுப் போட்டிக்குப் போகிற நாலு நண்பர்கள்
தங்களுக்குள் தைத்துக்கொண்டதாக இருக்கலாம்.
சிரிப்பு வந்தது.
பிறகு சட்டையைப் பார்த்தேன்.

வெயில் படாத ஒரு வட்டம், நினைத்தபடியே.
வட்டத்துக்குள் இன்னும் கருப்பாக
ஒரு கேடயம்.
அதைச் சுற்றித் துளைகள், அளந்து வைத்தது போல,
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே தூரம்.
எண்ணினேன். நாற்பத்தொன்று.
ஒரே ஒரு துளையில் சிவப்பு நூல்,
எறும்புக் கால் அளவு.

அதுதான் படை.
அதில் மரம் இருந்ததா, நகம் இருந்ததா,
எந்த ராஜாவின் கிரீடம் இருந்தது,
யாரைச் சுடச் சொன்னார்கள்,
கேடயத்துக்குத் தெரியும்; அது இப்போது எங்கே?
கழற்றியவன் சட்டையைக் கழற்றவில்லை.
குளிருக்கு வேறு இல்லையோ என்னவோ.
இந்த ஊரில் என்ன குளிர்?

பழைய துளைகளிலேயே ஊசியை விட்டு
வட்டத்தைத் திரும்பத் தைத்தேன்.
சிவப்புத் துணுக்கை எடுக்கவில்லை.

சனிக்கிழமை வந்தான். இருபத்திரண்டு வெள்ளி.
போட்டுக்கொண்டு, கைப்பேசிக் கடைக் கண்ணாடியில்
பக்கவாட்டில் நின்று பார்த்தான்.
"எந்தப் படை, கக்?"
தெரியவில்லை என்றேன். தைரியமாகப் போடு,
யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.
"தென்னை மரம் நல்லாயிருக்கு, இல்ல?"

கமுகு என்றேன்.
அதற்குள் மின்படியில் இறங்கிக்கொண்டிருந்தான்,
இடது கையைக் கொஞ்சம் வெளியே தள்ளி,
எல்லாருக்கும் தெரிகிற மாதிரி.