தள்ளி

சித்தூர் முன்சிப் கோர்ட்டில்
பதினொன்றே முக்காலுக்கு
"ஹர்ஜி தள்ளி" என்றார் பெஞ்சு கிளார்க்.
பாத்துமுத்து என் கவுன் நுனியைப் பிடித்து
"எந்தத் தேதிக்குத் தள்ளி?" என்றார்.

கொழிஞ்சாம்பாறைக்காரர்.
ரேஷன் கார்டில் மலையாளம், வசவில் தமிழ்.
தேதி இல்லையம்மா.
இங்கே தள்ளுவதென்றால் தள்ளியே விடுவது.

கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை.
ஒரு கமிஷனர் வரட்டும்,
கிணற்றில் இறங்கி எண்ணட்டும்.
கொழுந்தன் ஹனீபா வேலியோரம் இறக்கிய
தொள்ளாயிரம் அடிக் குழாய்
எந்தப் படிவரை குடித்துவிட்டது என்று
மழைக்கு முன்னால் எழுதி வைக்கட்டும்.
இந்தக் கட்டத்தில் அவசியமில்லை என
இரண்டு பத்தியில் முடிந்துவிட்டது.

"அப்பீல் போடுங்க."

கேன்டீனில் பரிப்புவடை ஆறிக்கொண்டிருந்தது.
அவர்கள் இடக்கால உத்தரவு என்பார்கள்,
நாம் இடைக்கால உத்தரவு என்போம்,
ஒரு ஐகாரம்தான் நடுவில், வேலந்தாவளம் செக்போஸ்ட் மாதிரி.
எந்தப் பக்கம் நின்று சொன்னாலும்
எல்லாவற்றுக்கும் அப்பீல் கிடையாது.
ஒரு பட்டியல் இருக்கிறது:
ஆணை நாற்பத்துமூன்று, விதி ஒன்று.
தடையாணை கொடுத்தாலும் மறுத்தாலும் போகலாம்.
ரிசீவரைப் போட்டால் போகலாம்.
பிராதைத் திருப்பிக் கொடுத்தால் போகலாம்.
கிணற்றை எண்ண மறுத்தால்
அதில் இல்லை.

"விதி" என்றார் அவர்.
நான் சொன்ன விதியை அல்ல.
மலையாளத்தில் தீர்ப்புக்கும் அதுதான் பேர்.
மூன்றும் மேசையில் கிடந்தன
வடைக்கும் சட்னிக்கும் நடுவே.

சீராய்வும் நிற்காது.
எரணாகுளம் போய்
அரசியலமைப்பின் இருநூற்று இருபத்தேழைப் பிடிக்கலாம்,
ஹைகோர்ட் மனது வைத்தால் உண்டு.
இல்லையென்றால் கடைசித் தீர்ப்பு வரட்டும்.
அதன்மேல் போடும் அப்பீலில்
இந்தப் பிழையையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.
சட்டம் அதை மறக்காது.

"கிணறு மறந்துருமே.
இடவப்பாதி வந்தா ரொம்பிரும்.
அப்புறம் எந்தக் கமிஷனர் எதை எண்ணுவாரு?"

கிணற்றுச் சுவரில்
சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறார்:
மேடம் நாலு, பதினோராம் படி.
மேடம் இருபது, பதினேழு.
அறுபத்திரண்டு தென்னைக்கு மழை வேண்டும்,
கேஸுக்கு வறட்சி வேண்டும்.
அஞ்சு வேளையும் எதைக் கேட்பதென்று தெரியாமல்
சும்மா நெற்றியை வைத்து எடுக்கிறேன் என்றார்,
வடையில் பாதியைப் பிய்த்து
என் பக்கம் நகர்த்தியபடி.

ராத்திரி எரணாகுளத்து மனுவை அடித்துக்கொண்டிருந்தேன்.
ஏழாம் பத்தியில்
கிணறு வறண்டிருக்கிறது.
இரண்டு மணிக்கு ஓட்டின்மேல் சரளைக்கல் கொட்டினாற்போல்
புதுமழை.

போன் அடித்தது. பேச்சில்லை.
அந்தப் பக்கம் ஓலையில் மழை.
கொஞ்சம் கழித்து,
"பதினாறாம் படி முங்கிருச்சு வக்கீலம்மா."
தென்னைக்கு நல்லது என்றேன்.
"நல்லதுதான்" என்றார்.
சிரித்தாரா என்று மழையில் தெரியவில்லை.

ஏழாம் பத்தியில் ஒரே ஒரு வினைச்சொல்லை
இறந்தகாலத்துக்கு மாற்றினேன்.
ஒழுகத் தொடங்கிய மூலையிலிருந்து
வழக்குக் கட்டைக்
கொஞ்சம் தள்ளி வைத்தேன்.