அடிப்பக்கம்

பார்க்க வருகிறவர்களுக்கு முன்பக்கம்.
நான் கவிழ்த்துப் பார்ப்பவள்.
எண் எழுதுவது அங்கேதான்,
மெருகு எட்டாத அடிவட்டத்தில்.
முதலில் ஒரு பூச்சு,
காய்ந்ததும் மை,
மை மேல் இன்னொரு பூச்சு.
மூன்றும் அசிட்டோனில் கரைய வேண்டும் என்பது விதி.
நாளைக்கு என் எண் தப்பென்று தெரிந்தால்
பானைக்கு வலிக்காமல் நான் போய்விடலாம்.

கணக்காய்வாளர் கேட்டார்:
"இந்தத் தொகுப்பு எந்தக் கொள்கைப்படி சேர்ந்தது?"
இயக்குநர் போபண்ணா
பதினொரு பக்கத்தை எடுத்து நீட்டினார்.
நான் காபி சொல்லப் போனேன்.

பதினொரு பக்கத்தில் இல்லாதது:
தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே
நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.
நாற்பத்து மூன்று உயரத்துப் பேரழகுகள்
பெங்களூரில் எந்தெந்த வாசலிலோ
குடை தாங்கி நிற்கின்றன.

வேதியியல் துறை புதுக் கட்டடத்துக்குப் போன வாரம்
லாரியில் குப்பையோடு ஏறிவிட்ட
முப்பத்தேழு மூசைகளைக்
கலீம் பேரம் பேசி இறக்கினான்.
இருநூறு ரூபாய், அவன் காசு.
'கொள்முதல்' என்று எழுதுவதா,
'கொடை' என்றா?
இன்றுவரை அந்தக் கட்டம் காலி.

டெல்ஃபின் ரெபெல்லோ
குக் டவுனிலிருந்து ஆட்டோவில் வந்தார்,
மடியில் துண்டு சுற்றிய ஒரு சாம்பல்நிறக் கிண்ணம்.
கணவர் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது.
'சகல உரிமைகளையும்' என்ற வரியில்
அவர் பேனா நின்றது.
"ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து
இதிலே காபி குடிச்சுக்கலாமா?"
கூடாது என்று சொல்ல
எனக்குச் சம்பளம்.
கையெழுத்துப் போட்டுவிட்டு
மழைக்கு முன்னால் கிளம்பிவிட்டார்.
கவிழ்த்தபோதுதான் பார்த்தேன்.
நிலை அறிக்கையில் எழுதினேன்:
அடிவட்டத்தில் பழுப்புக் கறை, அண்மையது.
அகற்ற வேண்டாம்.

இன்னொன்று, வராதது.
ஓசூர் பக்கத்திலிருந்து ஒரு இன்னோவா,
டிக்கியில் வைக்கோல்,
வைக்கோலுக்குள் ஒரு தாழி.
லேஅவுட்டுக்குத் தோண்டினபோது கிடைத்ததாம்.
"நம்ம ஊர்ப் பானை, மேடம்.
இந்திக்காரன் கைக்குப் போறதுக்கு நீங்களே வெச்சுக்கங்க."
உள்ளே எட்டிப் பார்த்தேன்.
மண் அப்படியே இருந்தது,
மண்ணுக்குள் யார் என்று கேட்கவில்லை.
காகிதம் கேட்டேன்.
தொல்லியல் துறைக்கு போன் போட்டுக்கொண்டிருக்கும்போதே
டிக்கி மூடியது.
வண்டி எண்ணைக் கையில் எழுதிக்கொண்டேன்.
அந்தத் தாழிக்கு என்னால் இட முடிந்தது
அந்த ஒரு எண்தான்.
அதிகாரி வந்து அதைக் குறித்துக்கொண்டு போனார்.
பிறகு ஒன்றும் தெரியாது.

கணக்காய்வாளர் பட்டியலை விடவில்லை.
"2017.41 அலமாரியில் இல்லையே?"
இழுப்பறையில் இருக்கிறது, சார்.
"இழுப்பறையில் என்னவாக?"
ஒன்பதாக.

பச்சை மெருகுத் தட்டு அது.
என் கையில்தான் உடைந்தது,
ஒரு புதன்கிழமை, யாரும் கூப்பிடாமல்,
யாரும் தள்ளாமல்.
ஒரு முறை இட்ட எண்ணை
வேறெதற்கும் தரக்கூடாது.
அதனால் அந்த எண்ணில்
இன்னும் அந்தத் தட்டுதான் இருக்கிறது.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
பையைப் பிரித்து,
நான் கையுறை நீட்டும் முன்பே
சில்லுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்.
ஒன்றில் 2017.
ஒன்றில் 41.
இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.
பொருந்தின.

நடுவிலிருந்த புள்ளியைத்தான்
வெகுநேரம் தேடினோம்.