பதிவு அனுமதி: இல்லை

சேரம்பாடியில் ஜூலை
சுவரே வியர்க்கிற மாதம்.
ஃபேக்டரியின் பழைய தபால் அறையில்
உர மூட்டைமேல் ஏற்றிவைத்த
கையகலப் பெட்டிதான் எங்கள் சர்வர்.
ஈரம் ஏறாமல் பக்கத்திலேயே
நாற்பது வாட் குண்டுபல்பு ஒன்று
அடைகாக்கிறது.

கொழுந்து லாரி வராவிட்டால் திட்டிக்கொள்ள,
யானை வந்தால் சொல்லிக்கொள்ள
அவ்வளவுக்குத்தான் இது.
பத்தாம் நம்பர் காட்டுல மூணு நிக்குது.
குட்டியோட.
டார்ச் அடிக்காதீங்க.

முதல் மாதம் முழுக்க இணைப்போடு மல்லுக்கட்டினேன்.
ஐந்து நிமிடம் பேசாதவரை வெட்டிவிடு
என்றிருந்தது கோப்பில்.
சமவெளியில் எழுதியிருப்பார்கள்.
இங்கே ஒரு வளைவில் சாகிற சிக்னல்
மூன்றாம் வளைவில்தான் கண் திறக்கும்.
அரைமணி என்று மாற்றினேன்.
வெளி சர்வர்களோடு பேசும் போர்ட்டை
அடைத்தேன். இந்த மழையில்
ஃபின்லாந்திடம் நமக்கென்ன பேச்சு.

அடுத்தது பதிவு.
ஒரு முகவரியிலிருந்து
பத்து நிமிடத்துக்கு ஒரே ஒரு பெயர்.
ஃபேக்டரி முழுக்க ஒரே வைஃபை, ஒரே முகவரி.
இருபத்திரண்டு பேர் வரிசையில்.
கடைசியில் நின்ற லில்லிபுஷ்பத்துக்கு
மூன்றரை மணி நேரம்.
"ரேஷன் சீனிக்குக்கூட இப்படி நின்னதில்ல ஜெசிந்தா."
வெட்கமாகிவிட்டது.
பத்தை அழித்துப் பூஜ்யம் போட்டேன்.

மூன்றாம் நாள் விடிகாலை இரண்டு மணிக்கு
அவர்கள் வந்தார்கள்.
ஆயிரத்து நூற்று நாற்பது பேர்,
ஒருவர் பெயரிலும் உயிரெழுத்து இல்லை.
எல்லாருக்கும் கடன் தருகிறார்கள்,
ஆண்மைக்கு மாத்திரை தருகிறார்கள்.
அறுபத்தோராவது கடனுக்கு அடியில் கிடந்தது
பதினாலாம் லயத்திலிருந்து வந்த ஒற்றை வரி:
கொம்பன், குழாயடியில.

ஆளுக்கு ஒன்றுமில்லை.
சமையல்கட்டுச் சுவர் ஒன்று, உப்பு ஜாடி ஒன்று.

பதிவு அனுமதி என்ற வரியில்
ஆம் என்பதை அடித்து இல்லை என்றெழுதினேன்.
விடியும்வரை அழித்துக்கொண்டிருந்தேன்.
அந்த வேகத்தில் எங்கள் பிரம்மதாஸும் போய்விட்டார்.
சோம்பேறி, தன் பெயரை ஆங்கிலத்தில்
வெறும் ஐந்து மெய்யெழுத்தால் எழுதிவைத்திருந்தார்.

'புதுப் பெயர் வேண்டுவோர் நேரில் வரவும்.'
எடை மேடைக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

முதலில் வந்தவர் மருதவீரன்.
பழைய ஃபோன் கால்வாயோடு போயிற்று,
மகள் திருப்பூரிலிருந்து அனுப்பிய புதியது கையில்,
பழைய கணக்கின் கடவுச்சொல் கால்வாயில்.
கக்கத்தில் ஒரு பாலிதீன் பை.

"என்னென்ன வேணும்?"
"பேரு மட்டும்."

அவர் நம்பவில்லை.
பையைப் பிரித்தார்.
குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை,
மண்டபத்தில் குத்திய ஊதா முத்திரையோடு
அவர் அப்பாவின் தாயகம் திரும்பியோர் சான்று,
எங்கள் இருவருக்குமே வாசிக்கத் தெரியாத
சிங்களத்தில் ஒரு துண்டு.
"இதுல ஒரு மாதிரி எழுதியிருக்கான், அதுல ஒரு மாதிரி.
மெஷின் எதை ஒத்துக்கும்?"

"உங்களை எப்படிக் கூப்பிடுறாங்களோ, அதை."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.
நான் அந்தச் சான்றை வாங்கினேன்.
குண்டுபல்புக்கு அருகே பிடித்து
முன்னும் பின்னும் பார்த்தேன்.
எதற்கென்று தெரியாமல்
தலையாட்டிக் கொடுத்தேன்.
அதன்பிறகே உட்கார்ந்தார்.

கடவுச்சொல் அடிக்கையில் நான்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
அவரும் எதற்கோ திரும்பிக்கொண்டார்.
இரண்டுமுறை தப்பு, மூன்றாம் முறை உள்ளே.
வந்துட்டேன், என்று போட்டார் பொதுவில்.

கொளப்பள்ளிப் பக்கமிருந்து லில்லிபுஷ்பம்:
வராத. பாலத்துக்கிட்ட ஒண்ணு நிக்குது.

வெளியே மழையா மூடுபனியா என்று
பிரிக்க முடியாத ஏதோ ஒன்று.
பாலத்தைத் தாண்டித்தான் அவர் வீடு.
பையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு
எதுவும் பேசாமல் இருந்தார், நானும்.
இருபத்தெட்டாவது நிமிடத்தில் அவர் பெயருக்கு எதிரே
பச்சைப் புள்ளி அப்படியே இருந்தது.
"ஏதாவது அடிங்கண்ணே," என்றேன்.
"என்னத்த அடிக்க?"